காயத்தின் மேல் காய்ச்சல்

தலையில் அடிபட்டு நான் வீட்டில் இருந்த அந்த ஐப்பசியில் உறையூரில் எங்கள் தெரு முழுக்க ஒரே இருமல். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஆளுக்கொரு சளியோடு வீடு திரும்பினார்கள். எதிர்வீட்டில் காய்ச்சல், பக்கத்துச் சந்தில் டெங்கு என்று பேச்சு. பருவமழை பிடித்துவிட்டால் திருச்சியில் இதெல்லாம் வழக்கம்தான். மற்ற வருஷங்களில் சளி பிடித்தால் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். அந்த வருஷம் அது முடியவில்லை. காயத்தை ஆற்றிக்கொண்டிருந்த மூளையின் மேல் சளியும் காய்ச்சலும் வயிற்றுக்கோளாறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தக் காலத்தில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும் இன்னொரு வீட்டுக்கு உதவக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை மழைக்கு முன் எடுத்துவரப் போனேன். இறங்கும்போது படியில் படிந்திருந்த பாசி வழுக்கிவிட்டது. பின்தலை படியின் விளிம்பில் மோதியது. நினைவு தப்பவில்லை. ஆனால் ஓடிவந்த கணவர் பேசியது காதில் விழுந்ததே தவிர, என்ன சொல்கிறார் என்பது பிடிபட நேரமானது. ஆஸ்பத்திரியில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பெயர், ஊர், கிழமை கேட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். பெயர் கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னதும், கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் 1974-ல் வகுத்த அளவுகோலின்படி. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 15 மதிப்பெண். எனக்கு 15-ம் இருந்தது. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை. 'கன்கஷன்' என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது. குழல்விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசியது. மிக்ஸி ஓடினால் தலைக்குள் ஏதோ கிழிவது போல வலித்தது. படுக்கையில் புரண்டால் அறை சுற்றியது. பத்தாம் வகுப்புக்குப் பல வருஷமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். பால்காரருக்கு மீதிச் சில்லறை எவ்வளவு என்று பார்க்க முடியாமல் நின்றேன்.

"ஸ்கேன் நல்லாத்தானே இருக்கு டாக்டர், அப்புறம் ஏன் இப்படி?" என்று மறுமுறை போனபோது கேட்டேன்.

"ஸ்கேன்ல ரத்தக்கட்டு, எலும்பு முறிவு மாதிரி விஷயம்தான் டீச்சர் தெரியும். உங்களுக்குக் கெட்டுப்போயிருக்கறது செல்லு வேலை செய்யற விதம். அது படத்துல வராது" என்றார்.

பின்னாளில் படிக்கத் தெம்பு வந்தபோது அதன் விவரத்தைத் தேடிப் படித்தேன். கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃபர் கிசா, டேவிட் ஹோவ்டா இருவரும் 2001-ல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அடியின் அதிர்ச்சியில் நரம்புச் செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வந்துவிடுகிறது. வெளியே நிற்க வேண்டிய கால்சியம் உள்ளே போய்விடுகிறது. அவற்றைப் பழைய இடத்துக்குத் தள்ள, செல்கள் சக்தியை வாரி இறைக்கின்றன. அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, சாதாரண நாளிலேயே உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. தேவை கூடி வரவு குறைந்த அந்த நேரத்தில் வெளிச்சம், சத்தம், யோசனை எல்லாமே செலவுதான். சம்பளம் பாதியாகிப்போன மாதத்தில் வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும் வந்தால் எப்படி இருக்குமோ, அடிபட்ட தலைக்குக் காய்ச்சல் வருவது அப்படித்தான்.

பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருட்டறையில் நாள்கணக்கில் படுத்திருக்கச் சொல்லவில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தொல்லை அதிகமாகாத அளவுக்கு மெல்ல நடமாட்டம். விளையாட்டில் ஏற்படும் தலைக்காயங்களுக்காக 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அதன்படி காலையில் தெருக்கோடிவரை நடக்க ஆரம்பித்தேன். தீபாவளி வெடிச் சத்தத்தைக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறையில் கழித்தேன். மறுவாரம் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடிந்தது. சரியாகிவருகிறது என்று நம்பிக்கை வந்த சமயத்தில், நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

எனக்கும் மூக்கு ஒழுகத் தொடங்கியது. சளிதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தொலைபேசியில் டாக்டர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. ஒரே மூக்குத் துவாரத்தில் வருகிறதா? தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறதா? குனிந்தால் சொட்டுகிறதா? தொண்டையில் இறங்கும்போது உப்புக் கரிக்கிறதா? தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகக் கசிவதுண்டு. அது சளி மாதிரியே தோன்றும். விட்டுவிட்டால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். எனக்கு இரண்டு பக்கமும் ஒழுகியது, கெட்டியாகி மஞ்சளாயிற்று, தொண்டை கரகரத்தது. சளியேதான். அந்தக் கேள்விகளுக்குப் பிறகு, தலையில் அடிபட்டவரின் மூக்கு ஒழுகுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

தும்மல் இவ்வளவு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தும்மும்போதும் இருமும்போதும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இறங்கும் ரத்தம் ஒரு கணம் தேங்கி, மண்டையோட்டுக்குள்ளும் அழுத்தம் ஏறுகிறது. நல்ல உடம்பு அதை உணர்வதே இல்லை. எனக்கு ஒவ்வொரு தும்மலுக்கும் பின்தலையில் அடி விழுந்தது போல இருந்தது. மூக்கைப் பிடித்துத் தும்மலை அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மலச்சிக்கலும் வரக் கூடாது, முக்கினால் அதே அழுத்தம்தான் என்றார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா அன்றிலிருந்து இரவில் கொய்யாப்பழமும் வெந்நீரும் கொடுக்க ஆரம்பித்தார்.

லால்குடியிலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர் அவர். சளி என்றதும் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வையோடு வந்து நின்றார். "குனிஞ்சு நல்லா ஆவி புடி கண்ணு, தலையில இருக்கற நீரெல்லாம் எறங்கிடும்." குனிந்தால் எனக்குத் தலை கனத்துக் கிறுகிறுத்தது. கொதிக்கும் சட்டிக்கு மேல் கிறுகிறுத்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவரிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதவைச் சாத்தி, சட்டியை எட்ட ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, என்னைச் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்காரச் சொன்னார். நொச்சி வாசனை அறை முழுக்கப் பரவியது. மூக்கடைப்புக்கு டாக்டர் எழுதிய உப்புநீர்ச் சொட்டு மருந்தும், இரவில் தலைக்கு அணைவாக வைத்த இரண்டு தலையணைகளும் என்னைத் தூங்கவைத்தன. காயம் ஆறத் தூக்கம் தேவை. மூக்கடைப்பு முதலில் பறிப்பதே தூக்கத்தைத்தான். அதனால் அந்த வாரம் எங்கள் முழு முயற்சியும் தூக்கத்தைக் காப்பாற்றுவதில்தான் இருந்தது.

மருந்தில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. மருந்துக்கடையில் 'சளி மாத்திரை' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. கூடவே குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் வரவைக்கும் மருந்தும் இருக்கிறது. தலைவலிக்கு ஏற்கெனவே பாராசிட்டமால் 650 போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தெரியாமலே கூடிப்போகும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் அது போகக் கூடாது. போனால் கல்லீரலுக்கு ஆபத்து. தூக்க மருந்தில் இன்னொரு சங்கடம். தலையில் அடிபட்டவர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் அது அபாய அறிகுறி. மாத்திரையால் வந்த தூக்கமா, மூளையில் வந்த கோளாறா என்று வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? என் கணவர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வரிவரியாகப் படித்து, எந்த மாத்திரையில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கும் வழக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், அந்த நோட்டு அதற்கும் கணக்கு வைத்தது.

சளி இறங்கி இருமல் மட்டும் மிச்சம் இருந்தபோது காய்ச்சல் அடித்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. தெருவில் டெங்கு இருந்ததால் உடனே ரத்தம் கொடுத்தேன். டெங்கு என்று சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தொடக் கூடாது. ரத்தம் கசியும் அபாயம் கூடும். தலைக்காயத்தின் தொடக்க நாட்களிலும் அதே மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள், அதே காரணத்துக்காக. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஈரத்துணி ஒத்தடம், கஞ்சி, இளநீர். அவ்வளவுதான். என்.எஸ்.1 பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. ரத்தத் தட்டணுக்களும் குறையவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றார்கள்.

எனக்கு அது சாதாரணமாக இல்லை. உடம்புச் சூடு ஏறினால் மூளையின் சக்தித் தேவையும் ஏறும். வரவு குறைந்த மூளையிடம் காய்ச்சல் இன்னும் கேட்டது. விட்டுப்போயிருந்த தொல்லைகள் எல்லாம் திரும்பின. வெளிச்சம் கூசியது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் அழுகை வந்தது. 'கரண்டி' என்ற சொல் வாயில் வராமல் கையால் காட்டினேன். மகன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். காய்ச்சலைவிட அந்தப் பார்வை என்னை உலுக்கியது. இத்தனை நாள் பட்ட பாடும் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

டாக்டர் அதற்குச் சொன்ன பதிலை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். "அடிபடாத ஆளுக்கும் காய்ச்சல்ல தலை மந்தமாத்தான் டீச்சர் இருக்கும். யோசிக்க முடியாது, சத்தம் பிடிக்காது, படுத்துக்கணும்னு தோணும். உங்களுக்கு அது மேல இது. காய்ச்சல் விட்டதும் பாருங்க."

அவர் சொன்னதற்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. கிருமியோடு போராடும்போது உடல் இன்டர்லூக்கின்-1 போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவை மூளைக்குச் செய்தி அனுப்பி, பசியைக் குறைத்து, அசதியைக் கொடுத்து, ஒதுங்கிப் படுக்கச் சொல்கின்றன. நோயுற்ற விலங்குகள் ஒதுங்கிக் கிடப்பது பலவீனம் இல்லை, பிழைப்பதற்காக உடல் வகுத்த ஏற்பாடு என்று கால்நடை மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் ஹார்ட் 1988-ல் எழுதினார். அந்த அசதிக்கும் கன்கஷன் தரும் அசதிக்கும் உள்ளிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் பயந்தது அதனால்தான். காயம் மோசமாகவில்லை, காய்ச்சல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் விட்டு ஓரிரு நாளில் 'கரண்டி' திரும்பிவந்தது.

அடுத்து வந்தது வயிறு. மகனுக்கு வாந்தி பேதி, பிறகு எனக்கு. தலைக்காயக்காரர் வாந்தி எடுத்தால் வீடே கலங்கும், கலங்கவும் வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் கணவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், கண்மணி ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். மகனுக்கு இருந்த அதே வயிற்றுக்கோளாறாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் இரவோடு இரவாக ஆட்டோ பிடித்துப் போனோம். வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் விஷயம் அது இல்லை.

பணியில் இருந்த டாக்டர் கண்மணியைப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார். சில மணி நேரம் அங்கேயே வைத்திருந்து, தலைவலி ஏறவில்லை, பேச்சு தெளிவு, பேதியும் சேர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அனுப்பினார். வாந்தி நிற்கக் கொடுத்த மாத்திரையும் சிலருக்குத் தலைவலி தரும் என்று முன்கூட்டியே சொன்னார். அந்த ஒரு வார்த்தை எனக்கு அடுத்த நாள் பயத்தை மிச்சப்படுத்தியது. பிறகு உப்பு சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்காள எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றப் பயன்படுத்திய அதே வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய பொட்டலம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று அம்மா அளந்து கலக்கி, மடக்கு மடக்காகக் கொடுத்தார். உடம்பில் நீர் வற்றினாலே தலை வலிக்கும், கிறுகிறுக்கும். எழுந்தால் கண் இருளும். வற்றவிடாமல் பார்த்துக்கொண்டால் காயத்தின் வலி எது, வறட்சியின் வலி எது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடுகிறது.

இந்த மாதங்களில் உடம்பு பட்டதைவிட மனம் பட்டது அதிகம். கையில் கட்டுப் போட்டவரை எல்லோரும் நம்புகிறார்கள். எனக்குக் கட்டும் இல்லை, தழும்பும் இல்லை. ஸ்கேன் நார்மல். "சளிக்குப்போய் இன்னும் ஒரு வாரம் லீவா?" என்று கூட வேலை செய்யும் ஒருவர் கேட்டார். பதில் சொல்லக்கூட அப்போது எனக்குத் தெம்பு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், சளி வருவதற்கு முன்பே ஒருநாள் கேட்டார்: "நேத்தைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" 'எப்போ சரியாகும்' என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை. இந்தக் கேள்விக்கு என்னால் உண்மையாகப் பதில் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்வியை நானே தினமும் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். கன்கஷன் பட்ட விளையாட்டு வீரர்களிடம் கேட்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. தலைவலி, குமட்டல், வெளிச்சக் கூச்சம், மறதி, எரிச்சல் என்று 22 தொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. எல்லாமே உச்சத்தில் இருந்தால் 132. அதை டாக்டர் கொடுத்தார். இரவில் கணவர் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் எண் சொல்ல, அவர் நோட்டில் குறித்தார். கண் கொஞ்சம் தெளிந்ததும் மகனின் கிராஃப் தாளில் அந்த எண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்தேன்.

வாழ்நாளில் நான் வரைந்த கோடுகளில் என்னை இவ்வளவு தேற்றியது வேறில்லை. சளி வந்தபோது கோடு ஏறியிருந்தது. காய்ச்சலில் இன்னும் ஏறியிருந்தது. வயிற்றுக்கோளாறிலும் ஏறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு நோய் விட்டதும் கோடு இறங்கியபோது, அந்த நோய்க்கு முன்பு இருந்த இடத்துக்குக் கீழே போய் நின்றது. படுத்துக்கொண்டு 'எல்லாம் போச்சு' என்று நான் நினைத்த நாட்களிலும் காயம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காய்ச்சல் அதை மறைத்தது, அழிக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அரைநாள் வேலைக்குப் போனேன். முதலில் ஒரு வகுப்பு, பிறகு இரண்டு. கரும்பலகைக்குத் திரும்பி எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் வந்த கிறுகிறுப்பும் கோடைக்குள் விட்டது.

சென்ற வருஷம் என் வகுப்பு மாணவன் ஒருவன் கால்பந்து ஆடும்போது இன்னொருவன் தலையோடு மோதிக்கொண்டான். தேறிவரும் வேளையில் அவனுக்கும் காய்ச்சல் வந்தது. காலாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. அடி சரியாகிவிட்டது என்கிறார்கள், காய்ச்சல்தானே, மாத்திரை போட்டு எழுதட்டும் என்று அவன் அப்பா வந்து நின்றார். அவரை உட்காரவைத்து, நான் பத்திரமாக வைத்திருக்கும் அந்தக் கிராஃப் தாளைக் காட்டினேன். காய்ச்சலுக்கு ஏறிய இடத்தையும் பிறகு இறங்கிய இடத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். அபாய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஓய்வெடுத்தால் உங்கள் பிள்ளை எதையும் இழக்கமாட்டான், இப்போது விரட்டினால்தான் தாமதமாகும் என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மாணவன் தேர்வைப் பிறகு எழுதினான். தலையில் அடிபட்ட ஒருவருக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் நாம் அவருக்குக் கொடுக்க வேண்டியவை மூன்று: கூர்ந்த கவனம், போதிய நாட்கள், அவர் சொல்வதில் நம்பிக்கை. எனக்கு அவை கிடைத்தன. கிடைக்காத வீடுகள் நிறைய இருக்கின்றன என்பதை நினைத்துத்தான் இதை எழுதினேன்.